கை தட்டினால் விளையாட்டு

எங்கள் பள்ளிக்கூடத்தில் பொம்மைகளுக்குப் பூட்டு உண்டு. பிள்ளைகள் போகும் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. இதை இப்படி எழுதினால் மிஸஸ் பிராமருக்குக் கோபம் வரும். வரட்டும். செயின்ட் எலிசபெத் மாவட்டத்தின் இந்தச் செம்மண் மேட்டில், ஒரு தேவாலயக் கூடத்துக்குள், என் வாழ்க்கையில் பாதியைச் சின்னப் பிள்ளைகளோடு கத்தியே கழித்திருக்கிறேன். கோபப்பட எனக்கும் உரிமை இருக்கிறது.

நான் சொல்லப்போவது டெல்ரோஸ் பின்னாக் பற்றி. ஊரில் அவளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். படித்துப் படித்து மூளை கலங்கிவிட்டது என்று ஒரு கட்சி. திமிர் பிடித்தவள் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள். போகும்போது பிள்ளையின் மூக்கைக்கூடத் துடைத்துவிடுவதில்லை.

எங்கள் கூடத்தைச் சக்கரம் வைத்த இரண்டு கரும்பலகைகளால் மூன்று வகுப்பாகத் தடுத்திருக்கிறோம். ஐந்து வயதுக்காரர்கள் என்னிடம். நடுவில் நாலு வயது, அது டெல்ரோஸ். கடைசியில் மூன்று வயது. தடுப்பு என்று பேர்தான். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை தும்மினால் இந்தப் பக்கம் என் வகுப்பு ‘காட் பிளஸ்’ சொல்லும். அதனால் டெல்ரோஸின் வகுப்பில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாமல் போனதில்லை.

கூடத்தின் முன்பக்கம், பாதிரியாரின் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறது அந்த ஷோகேஸ். கனடாவுக்கு மகளோடு போய்விட்ட ஒரு சபை அம்மாள், வீட்டைக் காலி செய்தபோது பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. இந்த ஊரில் ஷோகேஸ் இல்லாத முன்னறை கிடையாது. யாரும் வாய் வைக்காத கண்ணாடி டம்ளர்கள், பாதிரியார் வந்தால் மட்டும் இறங்கும் தட்டுகள், கண்ணாடி அன்னம், கல்யாணப் போட்டோ. அதன் பக்கத்தில் ஓடினால் பிள்ளைக்கு அடி. அம்மாக்கள் தங்கள் அம்மாவிடம் வாங்கிய அதே அடியைத் தங்கள் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டுத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்கள். டெல்ரோஸ் ஆறு வயதில் ஒரு அன்னத்தின் கழுத்தை உடைத்துவிட்டு பெல்ட்டால் வாங்கியிருக்கிறாள். அந்தத் தழும்பு கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது.

அப்படி வளர்ந்தவர்களின் கையில் பொம்மை கிடைத்தால் என்ன செய்வார்கள்? இங்கிலாந்தில் இருக்கும் சபையார் ஒரு பெரிய பீப்பாய் நிறைய அனுப்பினார்கள். மரக்கட்டைகள், ரயில், சின்ன அடுப்பு, சின்னப் பாத்திரங்கள், நிஜ முடி வைத்த பொம்மைகள். மிஸஸ் பிராமர் பீப்பாயைத் திறந்தார், ஜெபம் செய்தார், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையோடு ஷோகேஸில் அடுக்கினார், பூட்டினார், சாவியை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அவர் எங்கள் தலைமை ஆசிரியை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் கஞ்சிக்கு மாவு தீர்ந்தால் தன் வீட்டிலிருந்து கொண்டுவருவார். ஆனால் அந்தச் சாவி விஷயத்தில் மட்டும் அவரைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

ஒருமுறை மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். பொம்மைகள் இறங்கின. பிள்ளைகள் ஆளுக்கொன்றை மடியில் வைத்துக்கொண்டு, பிரசங்கம் கேட்பவர்களைப் போல ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வந்த அம்மாள், ‘இவங்க ஏன் விளையாடல?’ என்று கேட்டுவிட்டார். மிஸஸ் பிராமருக்கு மானம் போயிற்று. அடுத்த முறைக்கு அவர் ஒத்திகை வைத்துவிட்டார். ஒரு கைதட்டு என்றால் விளையாடு. இரண்டு கைதட்டு என்றால் பொம்மையை வை, கையைக் கட்டு, வாயை மூடு. ஒத்திகைக்குப் பொம்மைகூடத் தரவில்லை. செங்கல் துண்டுகளை வைத்துத்தான் பழக்கினார். உடையாதல்லவா!

இந்தக் கண்றாவியைப் பார்த்துக்கொண்டே டெல்ரோஸ் முதுகலை படிக்கப் போனாள். மழலையர் கல்வியில் முதுகலைப் பட்டம்.

அவளுடைய கணக்கு எளிமையானது. மிஸஸ் பிராமர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். முதுகலை முடித்தவருக்குத்தான் தலைமைப் பதவி என்று சபைக் குழு சொல்லிவிட்டது. எங்கள் மூன்று பேரில் படிக்கும் வயதும் வெறியும் அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

“பட்டம் வந்தா பதவி. பதவி வந்தா சாவி,” என்றாள் என்னிடம். “சாவி கைக்கு வந்த அன்னிக்கே அந்தப் பூட்டைக் கழட்டி கக்கூஸ் குழியில போடுறேன் பாருங்க மிஸ் வெர்னா.”

“போடும்போது என்னையும் கூப்பிடு. நான் ஒரு பாட்டுப் பாடுறேன்,” என்றேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் சான்டா குரூஸ் டவுனுக்கு ஓடி, அங்கிருந்து மினிபஸ்ஸில் மற்றவர்களின் மடியில் பாதி உட்கார்ந்தபடி தலைநகர் கிங்ஸ்டன் போவாள். சித்தி மகள் வீட்டில் தரையில் படுப்பாள். சனிக்கிழமை முழுக்க வகுப்பு. பல்கலைக்கழகத்துக்குள் நுழையுமுன் குழாயடியில் நின்று செருப்பிலிருக்கும் செம்மண்ணைக் கழுவுவாளாம். கழுவாமல் போன முதல் நாள் கூடப் படிப்பவள் ஒருத்தி, ‘ஓ, நீ நாட்டுப்புறமா?’ என்று கேட்டுவிட்டாள்.

அவளுக்கு வழிகாட்டி டாக்டர் லிண்டோ. அந்த அம்மாளின் சென்ட் வாசனை ஆளுக்கு முன்னால் வரும், ஆள் போன பிறகும் போகாது. ‘குழந்தைதான் மையம்’ என்ற தலைப்பில் மூன்று மணி நேரம் நின்ற இடத்தில் நின்று பேசுவார். ஒரு சனிக்கிழமை ஒரு மாணவி, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கைக்குழந்தையோடு வந்துவிட்டாள். குழந்தை ஒருமுறை சிணுங்கியது. டாக்டர் பேச்சை நிறுத்தி, கதவைக் காட்டினார். மழலையர் கல்வி வகுப்பிலிருந்து ஒரு மழலையை வெளியே துரத்தினார்! டெல்ரோஸ் இதைச் சொன்னபோது நான் இஞ்சி டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

“நீ என்ன பண்ணே?”

“என்ன பண்ணச் சொல்றீங்க? மார்க்கு அவங்க கையில.”

கூடப் படிப்பவர்களின் லட்சணம் அதற்கு மேல். எல்லோரும் ‘விளையாட்டு மூலையால் பிள்ளைகளிடம் ஏற்பட்ட முன்னேற்றம்’ என்றே ஆய்வேடு எழுதினார்கள். ஏனென்றால் டாக்டருக்கு அந்தத் தலைப்புத்தான் பிடிக்கும். ஒரே பொம்மைப் பெட்டியை வாடகைக் காரின் டிக்கியில் வைத்து, டாக்டர் எந்தப் பள்ளிக்குப் போகிறாரோ அந்தப் பள்ளிக்கு அவருக்கு முன்னால் கொண்டுபோய் இறக்குவார்கள். அதில் ஒரு கண் இல்லாத பொம்மை ஒன்று இருந்ததாம். பாதி வகுப்பின் ஆய்வேட்டில் அந்த ஒற்றைக் கண்ணிதான் போட்டோவில் நிற்கிறாள். டாக்டர் இதைக் கவனித்தாரோ இல்லையோ, கேட்கவில்லை.

டெல்ரோஸுக்கு வேறு ஆசை. பிள்ளைகளை அவர்கள் பாட்டுக்கு விட்டால் என்ன விளையாடுகிறார்கள் என்று எழுத வேண்டும். அதற்கு ஒரு பருவம் முழுக்க ஷோகேஸ் திறந்திருக்க வேண்டும். மிஸஸ் பிராமரிடம் போய்க் கேட்டாள். நான் கரும்பலகைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“டீச்சர், தினமும் ஒரு மணி நேரம் திறந்து வைங்க, போதும். நானே பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்.”

“ஏன்டிம்மா, உங்க அம்மா வீட்டு ஷோகேஸைத் தினமும் திறந்து வைக்கிறாங்களா?”

“அது பீங்கான், டீச்சர். இது பொம்மை.”

“பொம்மை மட்டும் வானத்துலேருந்தா விழுந்துச்சு? உடைஞ்சா எவன் அனுப்புவான்? நாளைக்கு யாராச்சும் விசிட் வந்தா மொட்டை அலமாரியைக் காட்டுறதா?” பிறகு கொஞ்சம் இறங்கினார். “உன் டாக்டரம்மா வர்ற அன்னிக்குத் தாராளமா எடுத்துக்கோ. நானே பிள்ளைங்களைத் தயார் பண்ணித் தர்றேன். உனக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்கறது என் பொறுப்பு.”

சொன்னபடியே செய்தார். ஜனவரியில் டாக்டர் லிண்டோ முதல் பார்வைக்கு வந்தார். பிள்ளைகளின் முகத்தில் வாஸ்லின் தடவி மினுமினுக்க வைத்திருந்தார்கள். மிஸஸ் பிராமர் வாசலில் வரவேற்று, கண்ணாடி டம்ளரில் சிவப்புச் சோரல் பானம் கொடுத்து, உட்காரவைத்துவிட்டு, ஒருமுறை கை தட்டினார். பிள்ளைகள் விளையாடினார்கள். ரயில் ஓடியது. அடுப்பில் சோறு வெந்தது. பொம்மைக்குத் தலை வாரினார்கள். ஷனோயா என்று ஒரு வாண்டு இருக்கிறாள், வகுப்பிலேயே சின்னவள், அவள் பொம்மையை மடியில் போட்டுத் தாலாட்டினாள். டாக்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “அற்புதம்! அற்புதம்!” என்றார். போட்டோ எடுத்துத் தள்ளினார். டெல்ரோஸ் ஓரமாக நின்றாள். இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். வந்தவர் தலை மறைந்ததும் இரண்டு கைதட்டு விழுந்தது. தாலாட்டிக்கொண்டிருந்த ஷனோயா பாதிப் பாட்டில் பொம்மையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

அந்தப் பருவத்தில் டெல்ரோஸுக்குத்தான் செய்முறையில் அதிக மதிப்பெண்.

“வெட்கமா இல்லையாடி உனக்கு?” என்று கேட்டேன். மனசில் இருந்ததைக் கேட்டேன், மழுப்பவில்லை.

“இருக்கு. இன்னும் ஒரே ஒரு விசிட், மிஸ் வெர்னா. மே மாசம். அது முடிஞ்சா சாவி என் கையில. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கறேன்.”

“நீ பல்லைக் கடிக்கல. பல்லைக் காட்டிக்கிட்டு நின்னே.”

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

அவள் அம்மா வேறு நச்சரித்துக்கொண்டிருந்தார். மகள் கவுன் போட்டு, தொப்பி போட்டு, சுருட்டிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோ அவருக்கு வேண்டும். அதற்காக வீட்டு ஷோகேஸின் நடுத்தட்டில் இருந்த டம்ளர்களை ஒதுக்கி, இடம்கூடக் காலி செய்து வைத்துவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் காலி இடத்தைக் காட்டுவார்.

பிறகு ஒரு மத்தியானம், மார்ச் மாதம். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வெளியே அக்கீ மரத்தடியில் இருந்தார்கள். நானும் டெல்ரோஸும் படியில் உட்கார்ந்து பன்னும் சீஸும் தின்றுகொண்டிருந்தோம். மரத்தடியில் ஏதோ சண்டை. ஷனோயா அழுதாள்.

“நான் மாட்டேன்! நேத்தும் நான்தான் இருந்தேன்!”

“நீதான் சின்னவ. நீதான் இருக்கணும். போ!” என்று ஜவானி அவளைப் பிடித்துத் தள்ளினான். தள்ளிய இடத்தில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

விளையாட்டு தொடங்கியது. ஜவானி ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து வந்தான். நாலு அடிக்கு ஒருமுறை மணிக்கட்டை மூக்கில் வைத்து முகர்ந்து கண்ணை மூடினான். அது டாக்டர் லிண்டோ. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சோடா மூடி ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்த பெண் குனிந்து குனிந்து வரவேற்றாள். அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் ஒருமுறை கை தட்டினாள். மண்ணில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வெறும் கையை வைத்துக்கொண்டு விளையாடினார்கள். இல்லாத ரயிலை ஓட்டினார்கள், இல்லாத சோற்றைக் கிளறினார்கள். “அற்புதம்! அற்புதம்!” என்றான் ஜவானி. இரண்டு கைதட்டு. எல்லாக் கைகளும் கட்டிக்கொண்டன. மறுபடி முதலிலிருந்து.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கையில் பொம்மை இருந்தபோது இந்தப் பிள்ளைகள் விளையாடியதில்லை. இது விளையாட்டு. இத்தனை மாதத்தில் அவர்களாகக் கண்டுபிடித்து, அவர்களாக ரசித்து ஆடும் ஒரே விளையாட்டு இதுதான். எதை ஆடுகிறார்கள் பாருங்கள்!

டெல்ரோஸ் எழுந்து மரத்தடிக்குப் போனாள். எப்போதும் போல மண்ணில் முட்டி போட்டு ஷனோயாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அந்த வாண்டு இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, கண்ணில் நீரோடு, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

“ஷனோயா, நீ யாரும்மா?”

“நான் நீங்க, மிஸ்.”

“நானா? நான் என்ன பண்றேன்?”

“ஒண்ணும் பண்ணல, மிஸ். சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்க.”

“வேற எதுவும் பேசலையா?”

ஷனோயா யோசித்தாள். ஜவானிதான் எடுத்துக் கொடுத்தான். “மிஸ் டெல்ரோஸுக்குப் பேச்சு கிடையாது, மிஸ். அதான் அவங்களா இருக்க யாருக்கும் பிடிக்கல.”

டெல்ரோஸ் சமையலறைக்குப் பின்னால் போனாள். தின்ற பன் முழுக்க வெளியே வரும் சத்தம் கேட்டது. தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வந்தாள். அவளே சொன்னாள்.

“என் மேலயே அருவருப்பா இருக்கு, மிஸ் வெர்னா.”

மனுஷிக்கு வர வேண்டிய உணர்ச்சி வந்துவிட்டது என்று எனக்கு உள்ளூரத் திருப்திதான்.

அந்த வாரமே இந்த விளையாட்டை ஆய்வேட்டின் நடு அத்தியாயமாக எழுதிக்கொண்டு கிங்ஸ்டன் போனாள். டாக்டர் லிண்டோ இரண்டு பக்கம் படித்தார், சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அங்கே நடந்ததை டெல்ரோஸ் என் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து அப்படியே சொன்னாள்.

“இது வேடிக்கையா இருக்கு, டெல்ரோஸ். ஆனா இது ஆராய்ச்சி இல்ல. எடுத்துடு. அந்தப் போட்டோக்களை வச்சு எழுது. உன் பள்ளிக்கூடத்தை நான் மாநாட்டுல காட்டப் போறேன்.”

“டாக்டர், போட்டோவுல இருக்கறது விளையாட்டே இல்ல. அதுங்களைப் பழக்கி வச்சிருக்கு. கை தட்டினா ஆடும், கை தட்டினா நிக்கும்.”

“எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் விருந்தாளி வந்தா வீட்டைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணத்தான் செய்வாங்க. அதுல என்ன தப்பு? நீ முதல் வகுப்புல வரப்போற பொண்ணு. கெடுத்துக்காத. மே மாசம் வந்து ஒரு தடவை பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது.”

டெல்ரோஸ் அந்த அத்தியாயத்தை எடுக்கவும் இல்லை, எடுக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

“என்ன பண்ணப் போறே?” என்று கேட்டேன்.

“தெரியல. கையெழுத்து வாங்கினா சாவி வரும். சாவி வந்தா எல்லாத்தையும் மாத்தலாம். அப்படித்தானே இத்தனை நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்? மிஸஸ் பிராமரும் வயசுல இப்படித்தான் ஏதாச்சும் சொல்லிக்கிட்டிருந்திருப்பாங்களோ?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. மிஸஸ் பிராமரை அவருடைய இளவயதிலேயே எனக்குத் தெரியும். அவரும் பெரிய பெரிய திட்டம்தான் பேசுவார். ஆனால் அவளே யோசித்து அந்த முடிவுக்கு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே மாதம் வந்தது. டாக்டர் வந்தார், வாசனை வந்தது, சோரல் வந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. என் வகுப்பை வாயில் விரல் வைத்து உட்காரச் சொல்லிவிட்டு, கரும்பலகையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸஸ் பிராமர் கழுத்துச் சாவியை எடுத்து ஷோகேஸைத் திறந்தார். பொம்மைகள் இறங்கின. ஒரு கைதட்டு. ரயில் ஓடியது, சோறு வெந்தது. “அற்புதம்!” என்றார் டாக்டர். மரத்தடியில் ஜவானி சொன்ன அதே இழுப்பு. அவருடைய கை பேனாவையும் படிவத்தையும் எடுத்துவிட்டது. கையெழுத்து விழ இன்னும் ஒரு மூச்சு நேரம்தான்.

டெல்ரோஸ் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தாள். இரண்டு முறை கை தட்டினாள்.

ரயில் நின்றது. கரண்டிகள் கீழே போயின. வகுப்பு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டது. டாக்டர் நிமிர்ந்தார். டெல்ரோஸ் ஒருமுறை தட்டினாள். ரயில் ஓடியது. இரண்டு முறை தட்டினாள். நின்றது. மறுபடி ஓட்டினாள், மறுபடி நிறுத்தினாள். பார்க்கச் சகிக்கவில்லை. உயிருள்ள பிள்ளைகள் அப்படி ஒரே நேரத்தில் ஓடி ஒரே நேரத்தில் நின்றதைப் பார்த்து என் உடம்பு கூசிப்போயிற்று. எனக்கே அப்படியென்றால் முதல்முறை பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? டாக்டரின் முகத்தில் ஒரு நிமிடம் நிஜமான பயம் தெரிந்தது. அது கோபமாக மாறிவிட்டது. அதுதான் சுலபம்.

“மிஸ், இன்னிக்கு எத்தனை விசிட்டர்?” என்று ஜவானி அலுத்துக்கொண்டு கேட்டான்.

“டெல்ரோஸ்!” என்று மிஸஸ் பிராமர் கத்தினார். “உனக்குப் பேய் பிடிச்சிருக்கா?”

“இது என்ன?” என்றார் டாக்டர்.

“இதுதான் டாக்டர் என் ஆராய்ச்சி. நீங்க எடுக்கச் சொன்ன அத்தியாயம் இது. போன தடவை நீங்க மார்க்குப் போட்டதும் இதுக்குத்தான். இப்ப கண்ணால பாத்துட்டீங்க. கையெழுத்துப் போடறதுன்னா இதுக்குப் போடுங்க.”

டாக்டர் குனிந்து, பக்கத்திலிருந்த பிள்ளையிடம் குரலைத் தேனாக்கிக்கொண்டு கேட்டார். “கண்ணு, உனக்கு இந்தப் பொம்மை பிடிக்கும்தானே?”

அந்தப் பிள்ளை மிஸஸ் பிராமரைப் பார்த்தது, டெல்ரோஸைப் பார்த்தது. “அது எங்களுது இல்ல, மேடம். உங்களுது,” என்றது.

டாக்டர் பேனாவை மூடினார். “என்னை முட்டாளாக்கிட்டேன்னு நினைக்காத, பொண்ணே. நீ உன்னையே அழிச்சுக்கிட்டே,” என்று சொல்லிவிட்டு, சோரலைக் குடிக்காமல் காருக்குப் போனார். மிஸஸ் பிராமர் அவர் பின்னாலேயே ஓடினார். கட்டிய கையை யாரும் அவிழ்க்கவில்லை. அப்போது ஷனோயா பக்கத்திலிருந்தவளின் காதில் ரகசியம் சொன்னாள். ரகசியம் சொல்லத் தெரியாத வயது, கூடம் முழுக்கக் கேட்டது.

“மிஸ் சிரிக்கவே இல்ல, பாத்தியா?”

பட்டம் வரவில்லை. செய்முறையில் தேறவில்லை என்று போட்டுவிட்டார்கள். வேண்டுமானால் அடுத்த ஆண்டு வேறு பள்ளியில் செய்து காட்டலாமாம். வேறு பள்ளிக்கும் அதே டாக்டர்தான் வருவார். தலைமைப் பதவி பாதிரியார் மனைவியின் தங்கை மகளுக்குப் போனது. அவளிடம் முதுகலைப் பட்டம் இருக்கிறது. ஒற்றைக் கண்ணி பொம்மை அவளுடைய ஆய்வேட்டிலும் நிற்கிறாள். மிஸஸ் பிராமர் ஓய்வு பெற்ற அன்று கூடத்தில் பாட்டுப் பாடி, ஜெபம் செய்து, சாவி நாடாவை அவளுடைய கழுத்தில் மாட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

டெல்ரோஸின் அம்மா ஒரு மாதம் அழுதார். பிறகு ஷோகேஸில் காலியாக வைத்திருந்த இடத்தில் ஒரு புதுக் கண்ணாடி அன்னத்தை வாங்கி வைத்துவிட்டார்.

டெல்ரோஸ் இன்னும் நாலு வயது வகுப்பில்தான் இருக்கிறாள். இந்தச் சம்பளத்துக்கு வேறு யார் வருவார்கள்? தேங்காய் ஓடு, பாட்டில் மூடி, உடைந்த கொண்டி, பழைய டயர் என்று கையில் கிடைப்பதை எல்லாம் ஒரு சாக்கில் கொண்டுவந்து மரத்தடியில் கொட்டுகிறாள். குப்பை என்று புதுத் தலைமை ஆசிரியை முகம் சுளிக்கிறாள். விசிட்டர் வரும் நாளில் அந்தக் குப்பையைப் பின்பக்கம் ஒளித்துவைக்கச் சொல்கிறாள். டெல்ரோஸ் ஒளித்துவைப்பதில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் தினமும் வாய்ச்சண்டை.

செப்டம்பரில் அந்தப் பிள்ளைகள் என் வகுப்புக்கு ஏறி வந்துவிட்டார்கள். மத்தியானம் மரத்தடியில் அந்த விளையாட்டு இன்னும் நடக்கிறது, ஆனால் கதை கொஞ்சம் நீண்டிருக்கிறது. இப்போது மிஸ் டெல்ரோஸ் நடுவுக்கு வந்து கை தட்டுகிறாள், டாக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடுகிறார். நேற்று ஜவானி, சட்டைப் பொத்தான் அறுந்து, கன்னத்தில் நகக் கீறலோடு அழுதுகொண்டு என்னிடம் வந்து நின்றான்.

“மிஸ் வெர்னா, ஷனோயாகிட்ட சொல்லுங்க. தினமும் அவளே மிஸ் டெல்ரோஸா இருக்கா. எனக்கு ஒரு தடவைகூடத் தர மாட்டேங்கிறா.”